கோழித் தண்ணியில கலக்குற மருந்து, மாமனாரோட ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும் போகுமா?

கேள்வி: டாக்டர் அண்ணனுக்கு வணக்கம். நாங்க பர்மாவுல பெகு பக்கம். மீன் குளத்து மேல கால் நட்டு கோழிக் கொட்டகை, ஒரு தடவைக்கு ஆயிரம் கறிக்கோழி விடுவோம், கீழ ரோகு மீன். குஞ்சு வந்த முதல் 5 நாள் தண்ணியில என்ரோஃபிளாக்சசின், அப்புறம் பீச்சல் வந்தா கொலிஸ்டின் பொடி (ரெண்டும் ஆன்டிபயாட்டிக்), இதெல்லாம் தீவனக்கடை தம்பி சொல்லிக்குடுத்தது. முன்னெல்லாம் 3 நாள் குடுத்தா பீச்சல் நின்னுரும், இப்ப 6 நாள் குடுத்தாலும் நிக்க மாட்டேங்குது. போன மாசம் மாமாவுக்கு (மாமனார், வயசு 71) நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து ரங்கூன் கொண்டுபோனோம், சிறுநீர் டெஸ்ட் பண்ணிட்டு சிப்ரோ மாத்திரை இவருக்குக் கேக்காது, ஊசிதான் போடணும்னுட்டாங்க. காலேஜ் படிக்கிற மகன் "நீ கோழிக்கு ஊத்துற மருந்துதான் தாத்தாவப் படுக்க வெச்சுச்சு"ன்னு ஒரே சண்டை. உண்மையா அண்ணே? நிறுத்தினா குஞ்செல்லாம் போயிரும்னு வீட்டுக்காரர் பயப்படுறாரு. பெரிய பண்ணைக்காரங்க ஊத்துறதுல நாங்க ஊத்துறது ஒரு மூலைக்குக்கூட காணாது, நாங்க நிறுத்தி என்ன ஆகப்போகுது? தண்ணி வசதிக்கு ஒண்ணும் குறையில்ல, குளத்துலருந்தே மோட்டார் வெச்சு கோழிக்கு ஏத்திக்கிறோம்.

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம்மா. மாமா வீட்டுக்கு வந்துட்டாரா, இப்ப எப்படி இருக்காருன்னு எழுதவே இல்லையே, ஊசி கோர்ஸ் முழுசா போட்டு முடிச்சாங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க, பாதியில நல்லாயிட்டுதுன்னு நிறுத்திட்டு வந்துராதீங்க.

முதல்ல உங்க மகன் விஷயம். அவன் சொல்றதுல விஷயம் இருக்கு, ஆனா தாத்தாவ நீங்க படுக்க வெச்சீங்கன்னு சொல்றது தப்பு, அத யாராலயும் நிரூபிக்க முடியாது. மாமாவுக்கு வந்த மாதிரி நீர்க்கடுப்பு பெரும்பாலும் ஈ.கோலைங்கிற கிருமியாலதான் வரும், அது அவரோட குடல்லயே இருக்கிற கிருமிதான். அந்தக் கிருமி சிப்ரோவுக்கு மசியாம போனதுக்குப் பல வழி இருக்கு. நம்ம ஊர்ல காய்ச்சல்னு போனா மருந்துக்கடையில ரெண்டு மூணு மாத்திரைய கலந்து சின்னப் பொட்டலமா மடிச்சுக் குடுப்பாங்களே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு வாங்குறவருக்கும் தெரியாது, பல சமயம் விக்கிறவருக்கும் தெரியாது, ரெண்டு வேளை சாப்பிட்டு ஜுரம் இறங்கினா மிச்சத்த தூக்கிப் போட்டுருவோம். மாமா வயசுக்கு இந்தப் பொட்டலம் எத்தனை சாப்பிட்டிருப்பாரோ. அதனால மகன்கிட்ட சொல்லுங்க, கோழிக் கொட்டகை ஒரு காரணமா இருந்திருக்கலாம், அதுதான் காரணம்னு சொல்ல அவன்கிட்ட ஆதாரம் கிடையாது. சண்டைய இத்தோட நிறுத்துங்க.

அதுக்காக கோழி மருந்துக்கும் மனுஷ மருந்துக்கும் சம்பந்தமே இல்லன்னு கடைக்காரத் தம்பி மாதிரி நானும் சொல்ல மாட்டேன். நீங்க முதல் அஞ்சு நாள் ஊத்துற என்ரோஃபிளாக்சசினும் மாமாவுக்கு எழுதின சிப்ரோஃபிளாக்சசினும் ஒரே குடும்பம், பங்காளிங்க. என்ரோ கோழி உடம்புக்குள்ள போனதும் அதுல ஒரு பங்கு சிப்ரோவாவே மாறுது. ஒண்ணுக்குப் பழகின கிருமி இன்னொண்ணுக்கும் பெரும்பாலும் அசையாது. அமெரிக்காக்காரன் 2005ல கறிக்கோழிக்கு என்ரோ குடுக்கவே கூடாதுன்னு தடை போட்டது இதனாலதான், கோழிலருந்து மனுஷனுக்கு வர்ற கேம்பிலோபாக்டர்னு ஒரு வயித்துப்போக்குக் கிருமி இந்த மருந்துக்கு மசியாம போக ஆரம்பிச்சுச்சு, மருந்துக் கம்பெனி வருஷக்கணக்கா கேஸ் நடத்தியும் தோத்துட்டான்.

கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். அது பழைய மருந்து, கிட்னிய பாதிக்கும்னு டாக்டருங்க ரொம்ப நாளா மனுஷங்களுக்குக் குடுக்காம ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அதனாலயே பன்னிக்கும் கோழிக்கும் மலிவா அள்ளிக் குடுத்தாங்க. அப்புறம் வேற எந்த மருந்துக்கும் கேக்காத கிருமிங்க ஆஸ்பத்திரில பெருகினப்போ, கடைசிக்கு கையில இருக்கிறது இதுதான்னு மறுபடி ஐசியூவுல ஊசியா எடுத்தாங்க. எடுத்த கொஞ்ச காலத்துலயே 2015 நவம்பர்ல சீனாவுலருந்து ஒரு ஆராய்ச்சி வெளிய வந்துச்சு, எம்சிஆர்-1னு ஒரு ஜீன், கொலிஸ்டினை எதிர்க்கிற ஜீன். ஈ.கோலை கிருமி கிடைச்ச சாம்பிள்கள்ல பாத்தா, வெட்டுக்கு வந்த பன்னிங்கள்ல 21 சதவீதம், கடைக் கறியில 15 சதவீதம், ஆஸ்பத்திரி நோயாளிங்கள்ல 1 சதவீதம்னு இருந்துச்சு. மிருகத்துல அதிகம், கறியில அதுக்குக் கீழ, மனுஷன்கிட்ட கொஞ்சம், இந்த வரிசையப் பாத்தாலே எங்கருந்து எங்க போகுதுன்னு ஓரளவுக்குப் புரியும்.

இதுல பயமுறுத்துற விஷயம் அந்த ஜீன் உக்காந்திருக்கிற இடம். அது கிருமியோட சொந்த உடம்போட ஒட்டாம தனியா பிளாஸ்மிட்னு ஒரு சின்ன வளையத்துல இருக்கு. நம்ம ஊர்ல ஒருத்தர் வயல்ல நல்லா விளைஞ்ச விதை நெல்லை அக்கம்பக்கத்துக்காரன் ஒரு படி ரெண்டு படி வாங்கிட்டுப் போய்த் தன் வயல்ல விதைச்சுக்குவானே, அப்படி இந்த வளையத்த ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் குடுக்கும், வாங்குறது அதே ஜாதிக் கிருமியா இருக்கணும்னுகூட இல்ல. கோழிக் குடல்ல இருக்கிற ஒண்ணும் செய்யாத கிருமி, மனுஷன் குடல்ல நோய் குடுக்கிற கிருமிக்கு இதக் கைமாத்தி விட்டுட்டு அதுபாட்டுக்குச் செத்துப் போயிரலாம். கறிய நல்லா வேக வெச்சா கிருமி செத்துருமேன்னு நீங்க கேப்பீங்க, சாகும்தான், நல்லா கொதிச்ச குழம்புல ஒண்ணும் மிஞ்சாது. ஆனா பச்சைக் கறி வெட்டின பலகையும் கத்தியும், கொட்டகைல புழங்கின கையும் செருப்பும், எருவும், குளத்துத் தண்ணியும் இருக்கே, அதெல்லாம் கொதிக்கிறது இல்லையே.

1976ல அமெரிக்காவுல ஸ்டூவர்ட் லெவின்னு ஒரு டாக்டர் ஒரு சின்னப் பண்ணையில இதத்தான் பாத்தாரு. கோழிக் குஞ்சுங்களை ரெண்டு கூட்டமா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு மட்டும் தீவனத்துல ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்து குடுத்தாங்க, ஒரே வாரத்துல அந்தக் கோழிங்க வயித்துல இருந்த ஈ.கோலை ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு மசியாததா மாறிடுச்சு, சில மாசம் கழிச்சுப் பண்ணைல குடியிருந்த குடும்பத்தாரோட மலத்துலயும் அந்த மாதிரிக் கிருமி அதிகமாச்சு, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அந்த அளவு இல்ல. இதுல முக்கியமானது என்னன்னா அந்த வீட்டுக்காரங்க யாரும் மருந்து சாப்பிடவே இல்ல, கோழிதான் சாப்பிட்டுச்சு.

பெரிய பண்ணைக்காரன் ஊத்துறான், நான் நிறுத்தி என்ன ஆகும்னு கேட்டீங்களே, பதில் இதுக்குள்ளயே இருக்கும்மா. பெரிய பண்ணை முதலாளி ரங்கூன்ல மாடி வீட்டுல இருக்காரு, அவரு கொட்டகைக்குள்ள வர்றதே இல்ல, அங்க வேலை செய்ற பசங்கதான் பாவம். நீங்க கொட்டகையோடயே குடியிருக்கீங்க, உங்க கொட்டகைக் கிருமி முதல்ல வந்து சேர்ற இடம் உங்க வீட்டு அடுப்படி. நாட்டுக்காக நிறுத்துங்கன்னு நான் சொல்ல வரல, அதுக்குப் பெரிய ஆளுங்களத்தான் கேக்கணும். உங்க வீட்டுக்காகவும் உங்க வியாபாரத்துக்காகவும் சொல்றேன்.

ஏன் வியாபாரம்னு சொல்றேன்னா, உங்க கடிதத்துல எனக்கு உறுத்தின வரி ரெண்டு. ஒண்ணு, 3 நாள்ல நின்னது இப்ப 6 நாள்லயும் நிக்கலங்கிறது. அப்படின்னா ஒண்ணு உங்க கொட்டகையில இருக்கிற கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போச்சு, இல்ல அந்தப் பீச்சல் மருந்து கேக்குற ஜாதியே கிடையாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் நீங்க இப்ப அந்தப் பொடிக்குக் குடுக்கிற காசு குளத்துலதான் போகுது, நிஜமாவே குளத்துலதான். இன்னொண்ணு கடைசியா போற போக்குல எழுதினீங்களே, குளத்துலருந்து மோட்டார் வெச்சுக் கோழிக்கு ஏத்துறோம்னு, வசதின்னு வேற சொல்றீங்க. அங்கதாம்மா இருக்கு உங்க வியாதி.

யோசிச்சுப் பாருங்க. மேல கோழி போடுற எச்சம் அப்படியே குளத்துல விழுது, அத வெச்சுதான் பாசி வளருது, மீன் வளருது, தீவனச் செலவு மிச்சம், அதுல எனக்கு சண்டை இல்ல, நம்ம சுத்துவட்டாரம் பூரா இந்த முறைலதான் நிறையப் பேரு பொழைக்கிறாங்க. ஆனா அந்த எச்சத் தண்ணியவே திருப்பி மேல ஏத்தி ஒரு நாள் குஞ்சுக்குக் குடிக்கக் குடுத்தா அது பீச்சாம என்ன பண்ணும், பீச்சுனதும் கொலிஸ்டின், கொலிஸ்டின் குடிச்ச எச்சம் மறுபடி குளத்துக்கு, குளத்துல கொஞ்சமா மருந்து கிருமி எல்லாம் சேந்து கிடந்து அதுல பொழைச்ச கிருமி மறுபடி மோட்டார்ல ஏறி அடுத்த பேட்ச் குஞ்சுக்கு. மருந்துக்கு அடங்காத கிருமிய வளக்கணும்னு ஒருத்தன் திட்டம் போட்டாக்கூட இதைவிட நல்லா போட முடியாது. தாய்லாந்துல இதே மாதிரி கோழி மேல மீன் கீழன்னு இருக்கிற பண்ணைங்கள்ல பாத்து 2002ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கோழி விட்ட கொஞ்ச நாள்லயே குளத்துக் கிருமிங்க மருந்துக்கு மசியாம மாற ஆரம்பிச்சுருச்சுன்னு.

அதனால முதல் வேலை தண்ணி. கிணறோ போரோ இருந்தா கோழிக்கு அதுலருந்து தனி டிரம், குளத்துத் தண்ணி மீனுக்கும் கழுவவும் மட்டும். வேற வழியே இல்ல குளம்தான்னா படிகாரம் போட்டுத் தெளிய வெச்சு மேல்தண்ணிய மட்டும் வேற டிரம்முக்கு மாத்தி பிளீச்சிங் பவுடர் போடுங்க. 30 சதவீதம் குளோரின்னு போட்ட நல்ல பவுடரா இருந்தா ஆயிரம் லிட்டருக்கு 10லருந்து 15 கிராம், போட்டு அரை மணி நேரமாவது விட்டு அப்புறம் குடுங்க, கலங்கின தண்ணியில போட்டீங்கன்னா பவுடர் வேலை செய்யாது, அழுக்கே அதத் தின்னுரும். சொட்டு மருந்தா இல்ல தண்ணியில தடுப்பு மருந்து குடுக்கிற அன்னிக்கும் அதுக்கு முந்தின நாளும் பிளீச்சிங் கூடவே கூடாது, தடுப்பு மருந்துல இருக்கிற உயிரும் செத்துரும். குடிக்கிற குழாயத் தினம் கழுவுங்க, உள்ள வழவழன்னு இருக்கும் பாருங்க, அதுவும் கிருமிதான்.

இப்ப வீட்டுக்காரரோட பயத்துக்கு வருவோம், நிறுத்தினா குஞ்சு போயிருமான்னு. டென்மார்க்ல 1998ல கறிக்கோழித் தீவனத்துல வளர்ச்சிக்குன்னு போடுற ஆன்டிபயாட்டிக் எல்லாம் நின்னுபோச்சு, கறிக்கோழி சாவு கூடவும் இல்ல, எடையும் குறையல, தீவனம் மட்டும் ரொம்பக் கொஞ்சம் கூடுதலா தின்னுச்சு. ஐரோப்பா பூரா 2006 ஜனவரி 1லருந்து அது தடை. அவன் கொட்டகை வேற உங்க கொட்டகை வேற, எனக்கும் தெரியும், அங்க கரண்ட் போறதில்ல. அதனால ஒரே நாள்ல எல்லாத்தையும் கைய விடுங்கன்னு சொல்லல. அடுத்த பேட்ச்ல கொட்டகைய நடுவுல தட்டி வெச்சு ரெண்டா பிரிங்க, ஒரு பக்கம் 300 குஞ்சுக்கு முதல் 5 நாள் என்ரோ குடுக்காதீங்க, மத்த எல்லாம் ஒண்ணுபோல. தினம் எத்தனை செத்துச்சு, விக்கிறப்போ எத்தனை வீசை நின்னுச்சு, ரெண்டு பக்கத்தையும் நோட்டுல எழுதி வீட்டுக்காரர் கையில குடுங்க, என் பேச்ச நம்ப வேணாம், அவரோட நோட்ட நம்பட்டும்.

முதல் வாரம் நூத்துக்கு ஒண்ணு செத்தா அது சாதாரணம். மூணு நாலுன்னு போச்சுன்னா, தொப்புள் ஈரமா வயிறு உப்பி செத்துச்சுன்னா, அது குஞ்சு பொரிப்பகத்துக் கோளாறு, நீங்க என்ரோ ஊத்தி அடுத்தவன் அழுக்க மூடிக்கிட்டு இருக்கீங்க, குஞ்சு வாங்குற இடத்த மாத்துங்க. இன்னொண்ணு சூடு. முதல் வாரம் குஞ்சு மட்டத்துல 32லருந்து 34 டிகிரி வேணும், ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போயி குஞ்செல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சு கிடந்தா காலைல அதுக்கு எந்த மருந்தும் கேக்காது, கரி அடுப்பத் தகரம் போட்டு மூடித் தயாரா வெச்சுக்கங்க, ஆனா புகை போக வழி விடுங்க. கொட்டகைல குனிஞ்சா கண்ணு எரியுதா, உமிய மாத்துங்க.

பீச்சல்னா எல்லாம் ஒண்ணு இல்ல. ரத்தம் கலந்து வந்தா அது காக்சிடியா, அதுக்கு என்ரோவும் கொலிஸ்டினும் சல்லிக்காசு பிரயோஜனமில்ல, ஆம்ப்ரோலியம் மாதிரி வேற மருந்து இருக்கு. பச்சையா கழிஞ்சு கழுத்து முறுக்கிக்கிட்டா ராணிக்கெட், அது வைரஸ், வைரஸுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஒண்ணும் பண்ணாது, தடுப்பு மருந்து மட்டும்தான். கம்போரோங்கிற இன்னொரு கோழி நோயும் அப்படித்தான். கறிக்கோழிக்கு முதல் வாரத்துல ஒரு ராணிக்கெட் சொட்டு, ரெண்டாவது வாரத்துல கம்போரோ, மூணாவது வாரத்துல மறுபடி ராணிக்கெட்டுன்னு பொதுவா போடுவோம், உங்க ஏரியாவுல நோய் எப்படி இருக்குன்னு பாத்து டவுன்ஷிப் கால்நடை ஆபீஸ்ல நாள் குறிச்சுக் குடுப்பாங்க. நம்ம ஊர்ல தடுப்பு மருந்து பாதி கெட்டுப்போறது ஐஸ் பெட்டியில கரண்ட் இல்லாம, வாங்குறப்போ ஐஸ்லதான் இருந்துச்சான்னு கையால தொட்டுப் பாத்து வாங்குங்க, வெதுவெதுப்பா இருந்தா வேணாம்னு வந்துருங்க. வீட்டுல வெளிய மேயிற நாட்டுக்கோழிக்கு ஐ-2ன்னு சூடு கொஞ்சம் தாங்குற கண் சொட்டு கிடைச்சா கேட்டு வாங்குங்க, ராணிக்கெட்ட அதுங்க வெளிய இருந்து கொட்டகைக்குக் கொண்டுவரும்.

மருந்தே கூடாதுன்னு நான் சொல்லலம்மா, நோய் வந்த கோழிக்குக் குடுக்காம சாகவிடுறது என் தொழிலுக்கே அசிங்கம். நோய் வந்தா அன்னிக்குச் செத்த கோழி ரெண்டை பைல கட்டி, வெயில்ல வெக்காம, டவுன்ஷிப் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க, அறுத்துப் பாத்து சொல்லுவாங்க, முடிஞ்சா எந்த மருந்து கேக்கும்னு கிருமிய லேப்ல வளத்துப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. அப்புறம் ஒரே ஒரு மருந்து, கோழி எடைக்குக் கணக்குப் போட்டு, மூடி அளவு கண் அளவு இல்லாம தராசுல நிறுத்து, சொன்ன நாள் பூரா. குறைச்சலா குடுக்கிறதுதான் கிருமிக்குப் பழக்கி விடுறது, இத பெனிசிலின் கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கே 1945ல நோபல் பரிசு வாங்குறப்போ சொல்லிட்டுப் போயிட்டாரு. குடுத்து முடிச்சப்புறம் பாக்கெட்ல போட்டிருக்கிற நாள் கழியாம கோழிய விக்காதீங்க, வியாபாரி லாரி வாசல்ல நின்னாலும் சரி. முட்டைக் கோழிக்கு என்ரோ வேண்டவே வேணாம்.

கொலிஸ்டின மட்டும் நான் பேரம் பேச மாட்டேன், அது இன்னிக்கே நிக்கட்டும். சீனாவுல 2017ல தீவனத்துல போடுறத தடை பண்ணாங்க, அப்புறம் பாத்தா பன்னிங்ககிட்ட கொலிஸ்டினுக்கு மசியாத ஈ.கோலை 34 சதவீதத்துலருந்து 5க்கு இறங்கியிருந்துச்சு, கோழிகிட்ட 18லருந்து 5க்கு, அதுவும் ரெண்டே வருஷ இடைவெளியில. இந்தியாக்காரனும் 2019ல கால்நடைக்குத் தடை போட்டுட்டான். நிறுத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கக் காட்டுங்க. தீவன மூட்டை லேபிளையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க, சில தீவனத்துல டெட்ராசைக்ளின் மாதிரி முன்னாடியே கலந்து வரும், நீங்க வேற தண்ணியில ஊத்துறீங்க, எழுத்து புரியலன்னா மகனப் படிக்கச் சொல்லுங்க, சண்டை போடுறதுக்கு அது நல்ல வேலை.

வீட்டுல ரெண்டு மூணு விஷயம். மாமாவ ஒரு ஆறு மாசம் கொட்டகைப் பக்கம் விடாதீங்க, பொழுது போகலன்னு எச்சம் கூட்ட வந்துருவாரு பெரியவரு. கொட்டகைக்குன்னு தனி செருப்பு, அது வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் கை. பச்சைக் கறிக்குத் தனி பலகை. எருவ அப்படியே கீரைப் பாத்திக்குப் போடாம குவிச்சு மக்க வெச்சுப் போடுங்க. அடுத்த தடவ மாமாவுக்கோ வேற யாருக்குமோ காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட போனா, வீட்டுல கோழிப்பண்ணை இருக்கு, இன்ன மருந்து புழங்குறோம்னு முதல்லயே சொல்லிருங்க, மருந்து தேர்ந்தெடுக்க அவருக்கு அது ரொம்ப உதவும். ஆஸ்பத்திரில குடுத்த சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுராம பத்திரமா வைங்க.

வீட்டுல மிச்சம் இருக்கிற பொடிய என்ன பண்றதுன்னு கேப்பீங்க. குளத்துல கொட்டிராதீங்க, சாக்கடையிலயும் வேணாம். பிரிக்காத பாக்கெட்ட கடைக்காரத் தம்பிகிட்டயே திருப்பிக் குடுத்துக் கணக்குல கழிச்சுக்கங்க, பிரிச்சத பிளாஸ்டிக் பைல இறுக்கிக் கட்டி, புள்ளைங்க கைக்கு எட்டாம வெச்சு, டவுன்ஷிப் ஆபீஸுக்குச் செத்த கோழி கொண்டு போற அன்னிக்கு அதையும் கொண்டு போயி என்ன பண்றதுன்னு அவங்களையே கேளுங்க.